ஸ்வல்ப பொறுங்கள்

அக்கா மறைந்த பதினேழாம் நாள் அவளுடைய பழைய வானொலிப் பெட்டியை இயக்கினேன். வால்வுகள் சூடேறித் தூசி கருகும் வாசனை எழுந்தது. அது என்னைப் பெங்களூர் அல்சூர்ப் பூங்காவில் வானொலியை ஒலிபரப்பிய ஒலிபெருக்கிக்கு அழைத்துச் சென்றது. மாலைதோறும் அது முதலில் இருமும், பிறகு கரகரக்கும், அதன் பிறகே பேசும்.

அப்போது அக்கா சென்னை வானொலியில் அறிவிப்பாளராகச் சோதனைக்காலப் பணியில் சேர்ந்திருந்தாள். அவளுடைய முதல் அறிவிப்பைக் கேட்கத் தெருவே புல்தரையில் அமர்ந்திருந்தது.

"உங்க பொண்ணு நடுவுல கன்னடம் கலந்துடுவா பாருங்க சார், வேலை போயிடும்," என்று அப்பாவிடம் சிரித்தார் பக்கத்து வீட்டுத் தபால்காரர்.

அவள் அறிவித்த கச்சேரி தொடங்கத் தாமதமாயிற்று.

"நேயர்களே, ஸ்வல்ப பொறுங்கள்."

அப்பா தலைகுனிந்தார். ஒரு கணம் ஒலிபெருக்கியில் மூச்சு மட்டும் கேட்டது. பின்பு அதே குரல், சிறிதும் நடுங்காமல், "சற்றே பொறுங்கள். எங்கள் பெங்களூர்த் தமிழில் அதை அப்படித்தான் சொல்வோம்," என்றது.

பூங்கா ஆர்ப்பரித்தது. முதலில் எழுந்து கைதட்டியவர் தபால்காரர்தான்: "நம்ம பொண்ணு சார்!"

வேலை நிலைத்தது. முப்பது ஆண்டுகள் அந்தக் குரலுக்காக வீடுகள் பேச்சை நிறுத்தின.

இன்று அவளுடைய பெட்டி பேசத் தாமதமாயிற்று. ஸ்வல்ப பொறுத்தேன்.