முறத்தில் கிடந்த பிள்ளை

எடை குறைவாகப் பிறந்த மகளை, தர்மபுரி ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார். அந்தச் சூடுதான் அவளுக்கு மருந்து என்றார்.

மலைமேல் எங்கள் ஊர் சித்தேரிக்கு வந்ததும் மாமியார் அவளை முறத்தில் போட்டார். தீட்டுக் கழியும்வரை முறத்தில்தான் கிடக்க வேண்டுமாம். என்ன எழவு வழக்கமோ! அவள் பால் குடித்ததும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்.

"கைச்சூடு பழகுனா, காட்டு வேலைக்கு எப்புடிடி போவ?"

அந்தச் சின்னக் கனம் இல்லாமல் என் மார்பு வெறுமையாகக் கிடந்தது. கையெட்டும் தூரத்தில் கிடந்தவளுக்காக ஏங்கிச் செத்தேன்.

ஒரு காலையில் அவள் பாதம் சில்லென்றிருந்தது.

"மொறத்துல நீங்களே படுத்துக்குங்க அத்தை!"

கத்திவிட்டு அவளை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். மாமியார் முறைத்தார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, சூடேறியிருந்த அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். முறத்தை எடுத்துப்போய்ச் சாமை புடைத்தார்.