நைனாவின் பஸ் தொப்பை

காலையில் ஒரு ஆள் வந்து அரிசி மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு, "நம்பர் செப்பண்டம்மா" என்று போனுக்கு வந்த நம்பரைக் கேட்டான். அரிசி வேண்டும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. பெங்களூரில் இருக்கிற மகன் அங்கிருந்தே போனில் தட்டிவிடுகிறான், மாசம் பிறந்தால் திருப்பதிக்கு வந்துவிடுகிறது. பையைப் பிரித்துக் கொஞ்சம் முறத்தில் கொட்டி, ஒரு பிடி அள்ளினேன். சில்லென்று இருந்தது. அரிசி பின்னே எப்படி இருக்குமாம் என்று கேட்பீர்கள். எங்க நைனா, அதான் எங்க அப்பா, கொண்டுவந்த அரிசி வெதுவெதுப்பாக இருக்கும்.

பள்ளிப்பட்டுப் பக்கத்து ஊரிலிருந்து என்னை இங்கே கட்டிக்கொடுத்தபோது ரெண்டுமே சித்தூர் ஜில்லாதான். கொஞ்ச நாளில் எல்லை பிரித்தார்கள். பிறந்த வீடு மெட்ராஸோடு போய்விட்டது, நான் ஆந்திராவில். கோடு போட்டவர்கள் என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்! அப்புறம் அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று தடை போட்டு, நடுவில் செக்போஸ்ட்டும் வைத்தார்கள்.

தெரு முழுக்கத் தெலுங்கு. எனக்கோ நீள்ளு, பாலு தாண்டி வராது. வீட்டுக்காரர் துணிக்கடையில் நாளெல்லாம் பேசிவிட்டு வந்து வீட்டில் வாயே திறக்கமாட்டார். நான் அடுப்போடு பேசுவேன். பைத்தியம் என்று நினைக்காதீர்கள், வேறு யார் இருந்தார்கள்?

மாசம் ஒருமுறை நைனா வருவார். ஒல்லிக்குச்சி மனுஷன், ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மட்டும் தொப்பை இருக்கும். துணியில் பை தைத்து, அரிசி நிரப்பி, வயிற்றைச் சுற்றிக் கட்டி, மேலே சட்டை போட்டிருப்பார். உள்ளே வந்து அவிழ்த்து முறத்தில் கொட்டுவார். அவர் உடம்புச் சூடும் பீடி வாசனையும் அரிசியில் அப்படியே இருக்கும்.

"ஆந்திராவுல அரிசிக்கா பஞ்சம் மாமா?" என்று வாய் திறக்காத என் வீட்டுக்காரரே சிரித்துவிடுவார். ஊரே இங்கிருந்து அங்கே கடத்திக்கொண்டிருக்க, தலைகீழாகக் கடத்தியது எங்க நைனா ஒருத்தர்தான்.

"நம்ம நெலத்து அரிசி மாப்ளே. பொண்ணு துன்னட்டும்."

எந்த மாடு கன்று போட்டது, யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள் என்று சாயங்கால பஸ் வரை சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு மாசத்துக்கு எனக்கு அது போதும்.

ஒருமுறை செக்போஸ்ட்டில் அரிசியைப் பிடுங்கிக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள். அப்படியே வந்திருக்கலாம், வரவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்துவிட்டுப் பொழுது சாயும்வரை வாசலில் நின்றேன். மறுமாசம் வந்து, "பொண்ணு குடுத்த ஊட்டுக்கு வெறுங்கையோட எப்டிம்மா வர்றது? திரும்பிப் பூட்டேன்" என்றார். பாதி தூரம் வந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாரே! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சில வருஷம் கழித்துத் தடையை எடுத்தார்கள். லாரி லாரியாக அரிசி போனது, வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். அந்தச் சந்தோஷத்தில்தான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன்.

"இந்த வயசுல இன்னாத்துக்கு நைனா சொமந்துக்கினு வர்ற? மூட்டையா கட்டி லாரியில போட்டுடு, வந்துடும்."

"ஆமாம்மா, அதுவும் செரிதான்" என்று துணிப்பையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டார்.

மூட்டை தவறாமல் வந்தது. அவர் வரவில்லை. வரச்சொல்லிக் கடுதாசி போட்டால், அரிசி வந்து சேர்ந்ததா என்று கேட்டுப் பதில் வரும். மகளைப் பார்க்க அவருக்கிருந்த ஒரே சாக்கை நானே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டேன். அது எனக்கு உறைத்தபோது நைனா இல்லை.

இப்போது செக்போஸ்ட் இருந்த இடம்கூடத் தெரியவில்லை. அந்த வழியாகப் போகிற பஸ் நிற்பதுமில்லை, யார் வயிற்றையும் யாரும் தடவிப் பார்ப்பதுமில்லை.

மத்தியானம் மகன் போன் போட்டான். "அரிசி வந்துதாம்மா?"

"வந்துதுப்பா."

"எல்லாம்தான் வீட்டுக்கே வந்துடுதே. இந்த மாசம் நான் வரலம்மா, வேலை ஜாஸ்தி."

முறத்தில் கிடந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "ஆமாம்ப்பா, அதுவும் செரிதான்."