காற்று நின்றாலும் திரும்பவேண்டாம்

எங்கள் அலுவலகத்து வானிலைப் படத்தில் மன்னாருக்கு மேலே ஒன்றும் இருக்காது. கொழும்பு, காலி, புத்தளம், திருகோணமலை என்று ஒவ்வொரு நிலையத்துக்கும் சிறு வட்டமிட்டு, பக்கத்தில் அமுக்கம், காற்றின் திசை, பெய்த மழை எல்லாம் குறித்திருக்கும். வடக்கு நிலையங்கள் சண்டை தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாக நின்றுபோயின. எங்கள் கடமை அதிகாரி ஒரே அமுக்கமுள்ள இடங்களை இணைத்துப் பென்சிலால் சமவமுக்கக் கோடுகளை இழுத்துக்கொண்டே வருவார். அந்த வெறுமையை அடைந்ததும் அவருடைய கை ஒரு கணம் நிற்கும். பிறகு கோடு புள்ளிகளாகத் தொடரும். அவருடைய மனைவியும் மகளும் அந்த வெறுமைக்குள்தான் இருந்தார்கள், முல்லைத்தீவுப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில். தொலைபேசி கிடையாது. கடிதம் போனால் போனதுதான்.

அவர் கொட்டாஞ்சேனையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். நான் வெள்ளவத்தையில் அக்கா வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வந்தேன். ஆங்கிலத்தில் வரும் வானிலை அறிக்கையைத் தமிழாக்கி, வானொலிக்குத் தொலைபேசியில் வாசித்துக் கொடுப்பது என் வேலை. அறிக்கையின் அடியில் என் பெயரின் முதலெழுத்தைப் போடவேண்டும். தொடக்கத்தில் நான் ஒன்றும் விளங்காமல்தான் மொழிபெயர்த்தேன். 'தாழமுக்கம்' என்று நூறு தடவை எழுதியிருப்பேன், அது என்னவென்று கேட்டால் திணறியிருப்பேன். ஒருநாள் அவரே கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார்.

ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடா நன்றாகச் சூடேறியிருக்கும். ஆவி மேலே போகும். மேலே குளிர்ந்து மறுபடி நீராகும்போது, அது கடலிலிருந்து எடுத்துச் சென்ற வெப்பத்தை அங்கே விட்டுவிடும். அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். கீழே அமுக்கம் குறையும். அந்தக் குறைவை நோக்கிச் சுற்றுவட்டாரக் காற்றெல்லாம் ஓடிவரும். "பூமி சுத்துறபடியா அதாலை நேரை வரேலாது, பிள்ளை. வளைஞ்சு வளைஞ்சு சுத்தத் தொடங்கிவிடும்" என்றார். பிறகு சூறாவளியின் கண்ணைப் பற்றிச் சொன்னார். போருக்கு முன்பு கிழக்கில் ஒரு பெரும் சூறாவளி அடித்தபோது அவர் அங்கே இளம் அவதானிப்பாளராக இருந்தவர். "கண் மேலை வரேக்கை காத்தும் இல்லை, மழையும் இல்லை. சனம் முடிஞ்சுது எண்டு வெளியிலை வரும். அரை மணித்தியாலத்திலை மற்றப் பக்கத்தாலை அடிக்கும். அப்பதான் கனபேர் சாகிறது." இன்று என் கைத்தொலைபேசியிலேயே அந்தச் சுழலின் படம் வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் கண் எதுவென்று தெரியும். அன்று அலுவலகத்துக்கு வெளியே அது தெரிந்தவர்கள் மிகக் குறைவு. எனக்குத் தெரியும்.

ஒரு கார்த்திகை மாதத்தில் விரிகுடாவில் தாழமுக்கம் ஒன்று வலுத்துக்கொண்டிருந்தது. அடுத்த நாள் விடியற்காலையில் ஆமியும் பொலிஸும் வந்து எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அடையாள அட்டையும் அலுவலக அட்டையும் பொலிஸ் பதிவும் காட்டினேன். "அலுவலகத்துக்குக் கோல் எடுத்துப் பார்த்துவிட்டு விடுவம்" என்று பஸ்ஸில் ஏற்றினார்கள். பொலிஸ் நிலையத்துச் சீமெந்துத் தரையில் நாற்பது, ஐம்பது பேரோடு பொழுது சாயும்வரை இருந்தேன். யாரும் எங்கும் தொலைபேசியில் அழைத்ததாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மலையகத்துப் பெண் ஒருத்தி, பால் கட்டிய மார்பை முந்தானையால் அழுத்திக்கொண்டு நாள் முழுக்க அழுதாள்.

நான் இல்லாத அந்த நாளில் நடந்ததை மறுநாள் அவரே சொன்னார். காலை பத்து மணிவாக்கில் அமுக்கம் சற்று ஏறவேண்டும். நம்முடைய கடல்களில் அது நாள் தவறாத வழக்கம். அன்று திருகோணமலையில் ஏறவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தது. வடக்கிலிருந்து வீசிய காற்று மெல்ல மேற்குப் பக்கம் திரும்பியது. அப்படியென்றால் சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே, முல்லைத்தீவுப் பக்கமாகக் கரையேறப்போகிறது என்று அவர் மேலதிகாரியிடம் சொன்னார். மேலதிகாரிக்கு நம்பிக்கை வரவில்லை. வழமைபோல் வளைந்து இந்தியக் கரைக்குப் போய்விடும் என்று அவர் நினைத்தார். 'வடக்கு நோக்கி நகரக்கூடும், மக்கள் அவதானமாக இருக்கவும்' என்ற அறிக்கையே ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் போனது.

தமிழில் எழுத நான் இல்லை. அவரே எழுதினார். எழுதி, கடைசியில் தன் சொந்த வரிகளைச் சேர்த்து வானொலிக்கு வாசித்துக் கொடுத்தார்: 'முல்லைத்தீவுக் கரையிலை இருக்கிற சனம் பொழுதுபடமுன்னம் உள்ளுக்குப் போங்கோ. காத்து நிண்டாலும் திரும்பவேண்டாம். மற்றப் பக்கத்தாலை அடிக்கும்.'

"என்ன சேர் இது? பேச்சுத் தமிழிலை" என்று கேட்டேன்.

"அவதானமாக இருக்கவும் எண்டால் சனம் என்ன செய்யிறது, பிள்ளை?" என்றார். "பயப்பிடாதையும், உம்மடை பேரைப் போடேல்லை. என்ரை கையெழுத்துத்தான்."

சூறாவளி அவர் சொன்ன இடத்திலேயே கரையேறியது. யாரும் அவரைப் பாராட்டவில்லை. மூன்றாம் நாள் சிவில் உடுப்பில் பொலிஸார் இருவர் வந்தார்கள்.

மேலதிகாரியின் அறையில் விசாரணை நடந்தது. கடமை அதிகாரி சுவரோரம் ஒரு நாற்காலியில் இருந்தார்; என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வானொலி அறிக்கையின் ஒலிப்பதிவை ஓடவிட்டார்கள். மற்ற இரு மொழிகளிலும் இல்லாத செய்தி தமிழில் மட்டும் ஏன் போனது, அதுவும் படையினரின் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிக்கு ஏன் போனது என்று கேட்டார்கள். மற்றப் பக்கத்தால் அடிப்பது யார்? எந்தப் பக்கம்? அவர் பொறுமையாகச் சூறாவளியின் கண்ணைப் பற்றிச் சொன்னார். ஒரு தாளை எடுத்து வட்டம் கூட வரைந்தார். விசாரித்தவர் அந்தத் தாளைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினார்.

"நீர்தானே மொழிபெயர்ப்பாளர்? இந்த வசனத்துக்கு வேறு அர்த்தம் ஏதும் உண்டா?"

இல்லை என்ற ஒரு சொல் போதும். அந்தக் கண்ணை அவர் எனக்கு அதே அலுவலகத்தில் உட்காரவைத்து விளக்கியிருக்கிறார். ஆனால் என் முழங்காலில் சீமெந்துத் தரை உரசிய காயம் இன்னும் ஆறவில்லை. அன்று வேலைக்கு வரவில்லை, ஆகவே எனக்குத் தெரியாது என்றேன். வராததற்குக் காரணம் அவர்களுடைய சுற்றிவளைப்புத்தான் என்பதைக்கூடச் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். போ, பரவாயில்லை என்பதுபோல. அதை நான் விரும்பியபடி விளங்கிக்கொண்டேன்.

அன்றே அவரைக் கூட்டிச் சென்றார்கள். ஐந்தாவது மாதம் தடுப்புக்காவலில் இறந்துபோனார். நெஞ்சுவலி என்றார்கள். கொட்டாஞ்சேனையில் அவருக்கு அறை கொடுத்திருந்த வீட்டுக்காரர்தான் சவத்தைப் பொறுப்பெடுத்தார். நான் போகவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு சண்டை ஓய்ந்து பாதை திறந்தபோது அவருடைய மனைவி என்னைத் தேடி வெள்ளவத்தைக்கு வந்தார். ஓய்வூதியத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றார். எழுதிக்கொண்டிருக்கும்போது அவராகவே அந்த நாளைப் பற்றிக் கதைத்தார். மின்சாரமும் பற்றரியும் இல்லாததால் சைக்கிள் டைனமோவை மிதித்துத்தான் வானொலி கேட்பார்களாம். "கவண்மேந்துத் தமிழிலை வாசிச்சுக்கொண்டு வந்தவை, திடீரெண்டு எங்கடை வீட்டுக் கதை மாதிரி வந்துது. இவர்தான் எழுதினது எண்டு எனக்கு உடனை விளங்கிவிட்டுது, தங்கச்சி. முழுக் கிராமத்தையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனனான். இடையிலை காத்து நிண்டுது. வெளியிலை போனவையை இழுத்துப் பிடிச்சு வைச்சம். இரண்டு பேர் படகைப் பாக்கவெண்டு போனவை. அவை வரேல்லை."

எனக்கு அதற்குமேல் எழுத முடியவில்லை. பேனையை வைத்துவிட்டு விசாரணையில் நான் சொன்னதைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் மேசையில் இருந்த தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார், எழுந்து போவார் என்று காத்திருந்தேன்.

"அந்த அறிக்கை எழுதின அண்டைக்கு அவர் சாப்பிட்டவரோ?" என்று கேட்டார். "வேலை கூடினால் சாப்பாட்டை மறந்துபோவார். வயித்திலை புண் இருந்தது."

அன்று நான் அலுவலகத்தில் இல்லை. அவர் போன பிறகு, அந்த நாட்களில் அலுவலகத்தில் பியோனாக இருந்த சிங்களப் பெரியவரைத் தேடித் தெமட்டகொடைக்குப் போனேன். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மத்தியானம் வாங்கிவைத்த சோற்றுப் பார்சல் பிரிக்காமலே கிடந்ததாம். மாலையில் வானொலியில் அறிக்கை வாசித்து முடிந்த பிறகே பிரித்தாராம். கறி புளித்துவிட்டது. பெரியவர் ஓடிப்போய்ப் பேக்கரியில் இரண்டு பணிசும் பிளேன்டீயும் வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு பணிசையும் சாப்பிட்டார், மிஸ், என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்.

ஓய்வூதியக் கடிதத்தின் பிரதியோடு இதையும் எழுதி அனுப்பினேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது. கொப்பித் தாளில் இரண்டே வரிகள்.

'பணிஸ் அவருக்குப் பிடிக்காது. நல்லாப் பசிச்சிருக்குது.'