மூச்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை

மூச்சு வாங்குகிறது என்று சொல்லத்தான் அந்த கிளினிக்குக்குப் போனேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே, ஜனங்கள் உட்கார்ந்திருந்த கூடத்தின் நடுவில் என்னை எடை மெஷினில் ஏறச் சொன்னார்கள். நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, தூரத்தில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த பெண்ணுக்குக் கேட்கும்படி, "நூத்தி நாலு" என்று கத்தினாள். பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னிடம் படிக்கும் பிள்ளையின் அம்மா. "வணக்கம் டீச்சர்" என்று எழுந்திருக்கப் போனவள், என் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பெரம்பலூரில் வீடு. வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பருமன்தான். அந்த உடம்போடுதான் பிள்ளை பெற்றேன், பஸ்ஸில் நின்றுகொண்டே பள்ளிக்கூடம் போய் வந்தேன். அதனால் என் உடம்பின் வழக்கமான அலுப்பு எனக்குத் தெரியும். இது அது இல்லை. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே யாரோ நெஞ்சில் கை வைத்து அழுத்துவது போலிருந்தது.

டாக்டர் சீட்டில் இருந்த எடையைப் பார்த்தார்.

"வெயிட்டக் குறைக்கணும்மா. வாக்கிங் போங்க. சோத்தக் குறைங்க."

"சார், நடக்கறப்ப மட்டும் இல்ல, சும்மா இருக்கறப்பவும்..."

"அதான் சொல்றேன்ல. குறைச்சா எல்லாம் சரியாயிரும்."

மேஜை மணியை அழுத்திவிட்டார். அடுத்த ஆள் உள்ளே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நான் எழுந்துகொண்டேன். என் மேல் ஸ்டெதஸ்கோப்பே படவில்லை என்பது வீட்டுக்கு வந்து புடவை மாற்றும்போதுதான் உறைத்தது.

சொன்னபடி விடியற்காலையில் நடக்க ஆரம்பித்தேன். ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இரண்டு இட்லியோடு காலையை முடித்தேன். மதியத்தில் தலை சுற்றும்போது பசியா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. வலது கெண்டைக்காலில் ஒரு வலி வந்தது. நடந்து பழக்கமில்லாததால் வந்த வலி என்று தைலம் தேய்த்தேன். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது வரியின் நடுவில் கை நின்றுவிடும். பின்னால் வகுப்பு அப்படியே அமைதியாகிவிடும். சத்தம் போடுகிற பிள்ளைகள் அமைதியாக இருந்ததுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. அவர்களுக்குத் தெரிகிற எதுவோ என் முகத்தில் இருந்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் என்னைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அழைத்துப் போனார். அங்கே இ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஹார்ட் நல்லாத்தான் இருக்கு. வெயிட்டுதான் பிரச்சினை" என்றார்.

இந்த முறை விடக்கூடாது என்று, "சார், வலது காலும் வலிக்குதுங்க, கொஞ்சம் வீங்குன மாதிரி..." என்று ஆரம்பித்தேன்.

"இவ்வளவு வெயிட்ட வச்சுக்கிட்டா கால் வலிக்காம என்னம்மா செய்யும்? அதுவும் பாவம்தான?"

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸும் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வண்டியில் திரும்பும்போது, "எனக்குப் பயமா இருக்குங்க" என்றேன்.

"ரெண்டு டாக்டரும் ஒண்ணேதான சொல்றாங்க" என்றார் அவர். அக்கறையில்லாமல் சொல்லவில்லை. அவருக்கும் அதை நம்பினால்தான் நிம்மதி. அன்றிரவு படுத்தால் மூச்சு முட்டியது. முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, இப்படியே போய்விட்டால் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். அந்த உடம்புக்கு வேறெப்படி என்பார்கள். சாவதைவிட அந்த ஒரு வாக்கியம் என்னை நடுங்க வைத்தது.

அந்தச் சனிக்கிழமை அக்கா பேத்திக்குக் கல்லங்குறிச்சி கோயிலில் காதுகுத்து. அக்கா வீடு அரியலூரில். போகாமல் இருந்தால் கோபித்துக்கொள்வாள். என் வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் ஷிப்ட் என்பதால் நான் மட்டும் பஸ்ஸேறினேன். கோயிலில் கூட்டம். ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். குழந்தை வீறிட்டு அழுதது, எல்லோரும் சிரித்தார்கள். அந்த நேரத்தில் வலது விலாவில் கத்தி இறங்கியதுபோல ஒரு வலி. மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்துப் பார்த்தால் ரத்தம்.

அக்காவைக் கூப்பிடக் குரல் வரவில்லை. தற்செயலாகத் திரும்பியவள் என் முகத்தைப் பார்த்துக் கையிலிருந்த பூத்தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"ஏண்டி, உதடெல்லாம் நீலமா இருக்கு? என்னடி செய்யுது?"

யாருடைய காரோ, எப்படி ஏற்றினார்களோ, அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கிடத்தினார்கள். ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவர், "அம்மா நல்ல வெயிட்டு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. இங்கேயும் அதுதான், இதோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"எடை அவளுக்கு இருவது வருசமா இருக்கு. மூச்சு இன்னைக்கி நிக்குது. மூச்சப் பாருங்கய்யா!"

டியூட்டியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். அவர் அக்காவிடம் கோபப்படவில்லை. என் விரலில் கிளிப் மாதிரி ஒன்றை மாட்டி, அதில் வந்த எண்ணைப் பார்த்ததும் ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். பிறகு என் புடவையை முழங்கால்வரை ஒதுக்கி, இரண்டு கால்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். வலது கெண்டைக்காலை மெதுவாக அழுத்தினார். நான் கத்திவிட்டேன்.

"இந்தக் கால் எத்தன நாளா இப்படி இருக்குங்க?"

"வாக்கிங் போனேன்... அதனாலன்னு..."

"மூச்சுத் திணறல் அதுக்கு முன்னாடியே வந்துச்சா? வேற எதாச்சும் மாத்திர சாப்புடுறீங்களா?"

மாதவிலக்கு நிற்காமல் போனதற்கு இரண்டு மாதமாக ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டு வந்தேன். அதைச் சொன்னேன். அதுவரை யாரும் கேட்கவில்லை. சொல்ல வேண்டியது என்று எனக்கும் தெரியாது.

அவர் முகம் மாறியது. "கால்ல ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கும்னு நெனக்கிறேன். ஸ்கேன் பாத்துட்டு உறுதியாச் சொல்றேன். ஊசி இப்பவே போட்டுடலாம். பயப்படாதீங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா வந்துட்டீங்க, இனி பாத்துக்கலாம்."

ஸ்கேன் அறையில் இரண்டு பேர் என் தலைக்கு மேல் பேசிக்கொண்டார்கள். டேபிள் தாங்குமா என்று ஒருவர் கேட்டார். மற்றவர் என்னை அளவெடுப்பதுபோல் பார்த்தார். கூடவே வந்திருந்த டாக்டர், "தாங்கும். தூக்குங்க" என்றார். டேபிள் உள்ளே நகர்ந்தபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒரு குரல் வந்தது. பிடிக்க எங்கே மூச்சு இருந்தது?

ஸ்கேனில், அந்த டாக்டர் நினைத்தது சரியாக இருந்தது. அங்கிருந்து ஆம்புலன்சில் திருச்சிக்கு அனுப்பினார்கள். ஷிப்டிலிருந்து நேராக ஓடி வந்த என் வீட்டுக்காரர் யூனிஃபார்மோடு என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிழைத்துக்கொண்டேன். ஹார்மோன் மாத்திரையை நிறுத்தி, ரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரை கொடுத்தார்கள். கால் வீக்கம் மெல்ல வடிந்தது.

வீடு திரும்பிய பிறகு, என் வீட்டுக்காரர் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனார். சண்டை போடத்தான் போனார். டாக்டர் அதைப் படித்துவிட்டு, "வெயிட் ஜாஸ்தியா இருந்தா இதெல்லாம் வரத்தாங்க செய்யும்" என்றாராம். இவர் ரிப்போர்ட்டை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த டாக்டர் சொன்னது பொய்யில்லை. பருமனாக இருப்பவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம் என்று திருச்சியிலும் சொன்னார்கள். அப்படியென்றால் என்னைப் பார்த்ததும் அவருக்கல்லவா முதலில் சந்தேகம் வந்திருக்க வேண்டும்? என் காலையல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும்? தேடுவதற்கான காரணத்தையே தேடாமல் இருப்பதற்கான காரணமாக வைத்துக்கொண்டார்.

பயம் போகவில்லை. மாடிப்படியில் மூச்சு வாங்கினால் அது பழைய அலுப்பா, புதிய ஆபத்தா என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். என் உடம்பின் பேச்சு எனக்குப் புரியும் என்று ஒரு காலத்தில் இருந்த தைரியம் இப்போது இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். ஏதோ நிழல் விழுந்ததுபோல் இருந்து விழித்தால், என் வீட்டுக்காரர் கட்டிலருகே குனிந்து என் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. கரண்டு போயிட்டு வந்துச்சு. ஃபேன் ஓடுதான்னு பாத்தேன்."

ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவருக்குக் கேட்கும்படியாக ஒரு நீளமான மூச்சை இழுத்துவிட்டு, அவர் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.