கம்பளையில் குடித்த பால்

போன கிழமை அரிசி வாங்க யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய கடைக்குள் போனேன். நுழைந்ததுமே பால்மாப் பெட்டிகளை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்று வாங்கினால் ஒரு பிளாஸ்டிக் கோப்பை சும்மா. பக்கத்தில் ஒரு பிள்ளை பால் கரைத்து, குடித்துப் பாருங்கோ என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தாள். அந்த இளஞ்சூட்டு மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பால்மாவைப் பார்த்து அழுகிற மனுசியைப் பற்றி அவள் என்ன நினைத்தாளோ தெரியாது. அரிசி வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

இந்த நாட்டில் பால்மாவுக்காக அழுத காலம் ஒன்று இருந்தது. உங்களுக்கும் நினைவிருக்கும். காஸுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, என்ன கொடுக்கிறார்கள் என்று தெரியாமலே ஓடிப்போய் நிற்பதற்கு இன்னொரு வரிசை. அந்த நாள்களில்தான் என் கணவருக்குக் கண்டிக்குப் பக்கத்தில், பேராதனையில் ஒரு பயிற்சி வந்தது. அவர் விவசாயப் போதனாசிரியர். இரசாயன உரம் இல்லாமல் பயிர் வளர்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கப் போகிறார்களாம். பால்மா இல்லாமல் பிள்ளை வளர்ப்பதற்கு யாரும் பயிற்சி வைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

மகனுக்கு அப்போது ஏழு மாதம். பேறோடு வந்த காய்ச்சலில் என் பால் வற்றிவிட்டது. என் சித்திமார் பால்சுறா வறை, உள்ளிக் குழம்பு, முருங்கையிலை என்று மாறி மாறிச் சமைத்துத் தந்தார்கள். எல்லாம் என் இடுப்பில் போய்ச் சேர்ந்ததே தவிர பிள்ளைக்கு ஒரு சொட்டும் ஊறவில்லை. பசும்பால் கொடுத்துப் பார்த்து வயிற்றாலே போய், இனிக் கொடுக்கவே கூடாது என்று டொக்டர் ஏசி அனுப்பினார். ஆக, பால்மாதான் கதி.

அவ்வளவு தெரிந்தும் ஏன் அவனைக் கண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனாய் என்று கேட்பீர்கள். அது யாழ்ப்பாணத்தாரின் மூடநம்பிக்கைகளில் ஒன்று. மலைநாடு என்றால் எங்களுக்குப் பச்சைப் புல்லும் கொழுத்த மாடும்தான். அங்கே பால்மா கிடைக்காமலா போகும் என்று அயலெல்லாம் சொன்னது. நானும் நம்பி, அரைப்பேணி மாவோடு பஸ் ஏறினேன்.

கண்டியில், கட்டுக்கலையில் ஒரு மேல்மாடி அறை. விடிந்தால் அவர் பேராதனைக்குப் போய்விடுவார். அறைக்குள் ஈரச் சீலை மணம், காயவே காயாத பிள்ளைத் துணிகள். மகனை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நான் வீதியில் இறங்கிவிடுவேன். கண்டிக்குப் போனவர்கள் தலதா மாளிகையையும் வாவியையும் பற்றிச் சொல்வார்கள். நான் அந்த நகரத்தைப் பார்மசி பார்மசியாகத்தான் அறிந்தேன். வாவியைச் சுற்றிக் குடைகளுக்குள் காதலர்கள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். சந்தைக்குள் கருவாட்டு மணம் வந்தபோது ஊர் நினைவு வந்தது. எங்கே போனாலும் கடைக்காரர் முதலில் பிள்ளையைப் பார்ப்பார், நான் வாய் திறக்குமுன்பே தலையை ஆட்டிவிடுவார். கிரிப்பிட்டி நே. பால்மா இல்லை. என் சிங்களம் முழுவதும் அந்த இரண்டு சொல்தான்.

கரண்டியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். கஞ்சி கொடுத்தால் துப்பினான். போத்தலை ஒருமுறை இழுத்துவிட்டு, என்னை ஏமாற்றுகிறாயா என்பதுபோல நிமிர்ந்து பார்ப்பான், பிறகு அழுவான். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஊருக்குத் திரும்பலாமென்றால் டீசல் இல்லாமல் யாழ்ப்பாண பஸ்கள் நின்றுபோயிருந்தன. "இன்னும் ரெண்டு நாள் பொறும். எல்லாரிட்டயும் சொல்லி வைச்சிருக்கிறன்" என்றார் கணவர். பொறுக்க எனக்கு ஏலும், பிள்ளைக்கு யார் சொல்வது?

கம்பளையில் ஒரு பார்மசிக்கு மா வந்திருக்கிறது என்று பக்கத்து அறைப் பெண் சொன்ன காலையில் பேணியின் அடி தெரிந்துவிட்டது. கூட்ஸ் ஷெட் பஸ் நிலையத்தில் மனிதர்கள் ஜன்னலாலும் ஏறினார்கள். நான் பிள்ளையோடு மிதிபலகையில் நின்று போனேன். போய் இறங்கும்போது பார்மசியின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது, சனம் கலைந்துகொண்டிருந்தது. அடுத்த புடவைக்கடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மகனின் அழுகை மெலிந்து, பூனைக்குட்டியின் சத்தம் மாதிரி ஆகியிருந்தது. சத்தம் போட்டு அழுகிற பிள்ளையைத் தாங்கிக்கொள்ளலாம். இதைத் தாங்க முடியவில்லை.

அந்தப் புடவைக்கடைக்காரரின் மனைவிதான் வெளியே வந்தாள். சரீனா என்று பெயர். இடுப்பில் என் மகனின் வயதில் ஒரு மகள். கதையைக் கேட்டுவிட்டு என்னை உள்ளே கூட்டிப்போனாள். கடைக்குப் பின்னால் ஓர் அறை, ஜன்னலுக்குக் கீழே மகாவலி. கதிரையில் என்னை இருத்திவிட்டு மகனுக்குக் கை நீட்டினாள்.

"எனக்கிட்ட பால் ஈக்கி. கொடுக்கவா?"

நான் தலையாட்டிவிட்டேன். ஆனால் அவள் உடனே கொடுக்கவில்லை. கடையிலிருந்த கணவரைக் கூப்பிட்டாள். தாடி வைத்த, மெலிந்த மனிதர். அண்ணனை அவர்கள் கூப்பிடுகிற மாதிரி, நானா என்றுதான் பிறகு அவரைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், நிதானமாக விளக்கினார். அவர்கள் மார்க்கத்தில் ஐந்து தரம் வயிறு நிறையக் குடித்துவிட்டால் அது பால்குடி உறவு. குடித்த பிள்ளை அவளுக்கு மகன், அவர்கள் மகளுக்குச் சகோதரன். நாளைக்கு இரண்டு பேருக்கும் கலியாணம் பேச ஏலாது. யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ஏழு மாதப் பிள்ளை பசியில் துவண்டு கிடக்க, அவன் கலியாணத்தைப் பற்றி என்னிடம் அனுமதி கேட்டது அந்த மனிதர் ஒருவர்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபடியே அழுதேன்.

அவன் குடித்த சத்தம் இருக்கிறதே, அதை நான் எழுத மாட்டேன்.

பயிற்சி முடியும்வரை தினமும் கம்பளைக்குப் போனேன். மகளுக்கு ஒரு பக்கம், மகனுக்கு மறுபக்கம். அவள் எனக்குச் சீனியில்லாத பிளேன்டீ ஊற்றித் தருவாள், கரண்ட் இல்லாத மத்தியானங்களில் இரண்டு பேருமாகப் பிள்ளைகளுக்கு விசிறுவோம். ஐந்து தரம் எப்போதோ கடந்துவிட்டது. ஐந்தாம் தரம் குடித்த அன்றைக்கே நானா மகனைத் தூக்கி, அவன் காதுக்குள் மெல்ல ஏதோ ஓதினார்.

கணவர் சொல்லி வைத்த இடத்தில் கடைசியில் பால்மாவும் கிடைத்து, ஊருக்கு வந்ததும் அவரின் தாயாரிடம் ஒளிக்காமல் சொன்னேன். கோயிலும் விரதமுமாக, மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாத மனுசி. "அவ மாட்டிறைச்சி தின்னுறவவோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். சாமியறைக்குள் போய்விட்டார். இனி இந்த வீட்டில் என் பாடு திண்டாட்டம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தால் பனையோலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டான் ஒன்றோடு வெளியே வந்து, அதை அவவுக்கு அனுப்பு என்றார்.

அதன்பிறகு எல்லாம் தொலைபேசியில்தான். சரீனா குரல் பதிவு அனுப்புவாள், என்ட மகன் சாப்பிட்டானா, என்ட மகனுக்குத் தடிமன் சுகமா என்று. அந்த 'என்ட' முதலில் எனக்குச் சுருக்கென்று குத்தியது. பெற்றவள் நான்தானே. பிறகு பழகிவிட்டது, பிறகு அது வராத நாளில் மனம் தேடியது. அடுத்த லீவுக்குப் போவோம், அதற்கடுத்த லீவுக்குப் போவோம் என்று நாலு வருடம் போனது.

பிறகு அந்த மழை. மலைகள் சரிகின்றன, கம்பளைக்குள் ஆறு புகுந்துவிட்டது என்று செய்தியில் காட்டினார்கள். அவள் இலக்கம் வேலை செய்யவில்லை. நாள்கணக்காக எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு மத்தியானம் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. நானா. மகளைப் பக்கத்து மாடியில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது சரீனா கீழே இறங்கிப் போயிருந்தாளாம். எதற்குப் போனாள் என்று அவருக்கே தெரியாது. சேற்றுக்குள் இருந்துதான் எடுத்தார்களாம். அவர் அழவில்லை. ஒரு கடமையை முடிக்க எடுத்தவர் மாதிரிப் பேசினார்.

"உம்மா மவுத்தாகினா புள்ளைகளுக்கு அறிவிக்கோணும், தங்கச்சி. மகளுக்கு நான் சொல்லிட்டேன். மகனுக்கு நீங்க சொல்லுங்க."

மகன் முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தான். கூப்பிட்டு மடியில் இருத்தினேன். கம்பளையில் ஒரு அம்மா இருந்தா, செத்துப்போனா என்றேன். அவனுக்கு அவள் முகம் தொலைபேசிப் படம்தான், அந்தப் பால் எங்கே நினைவிருக்கப் போகிறது?

"ஆரின்ர அம்மா? உங்கட அம்மாவோ?"

"இல்லையப்பு. உன்ர அம்மா."

நீங்கள் இருக்கிறீங்களே என்று கேட்பான் என நினைத்தேன். கேட்கவில்லை. உள்ளே போய்ச் சப்பாத்தை எடுத்துவந்து, கட்டிவிடுங்கோ என்று காலை நீட்டினான்.

அன்றைக்குப் போகப் பாதை இருக்கவில்லை. தண்டவாளத்தையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. இப்போது வீதியைத் திருத்திவிட்டார்கள், கம்பளைக்கு பஸ் ஓடுகிறது. ஆனால் கடை இல்லை, பின்னறை இல்லை, அவை நின்ற நிலத்தையே ஆறு கொண்டுபோய்விட்டதாம். அடக்கம் செய்த இடத்தை நானா சொல்லியிருக்கிறார். இந்த லீவுக்கு மகனை அங்கேதான் கூட்டிப்போக வேண்டும்.