வேம்புலியின் ஒரு கூடை மண்

கடைசியாக நானும் அம்மாவும் சேர்ந்து செய்தது, உருளைக்கிழங்குப் பார்களில் செடிகளுக்கு மண் அணைத்த வேலை. மார்கழி மாதம். பட்டணத்துக்குப் பக்கத்தில் நூம்பலில் எங்கள் குத்தகை நிலம். நான் மண்வெட்டியால் மண்ணை இழுத்துப் போட, அவள் செடியின் தூரைச் சுற்றிக் கையால் அமுக்கிக்கொண்டு வந்தாள். நடுநடுவே நின்று, அமுக்கிய மண்ணையே விரலால் விலக்கிப் பார்த்தாள்.

"அணைச்சத ஏம்மா கலைக்கிறே?"

"வெள்ளையா இன்னாவோ கீதுடா சம்பத்து."

"வேர்தான்."

"நீ சொல்லிட்டா ஆச்சா?" என்று அடுத்த செடியையும் தோண்டினாள்.

என் அம்மா பூங்காவனம் சோற்றைக்கூட நின்றுகொண்டுதான் சாப்பிடுவாள். அந்த வருடம் அந்தப் பதற்றம் முற்றியிருந்தது. காரணம் உண்டு. யுத்தத்தால் பட்டணத்துக்கு மலைக்கிழங்கு வரத்துக் குறைய, முந்தின வருடமே அவள் உருளை போட்டிருந்தாள். தூரில் வெள்ளை நூல் படர்ந்து, கடுகு போல் மணி கட்டி, செடிகள் துவண்டு செத்தன. இன்னொரு தரம் இப்படியானால் நிலத்தை வேறு ஆளுக்கு விடுவதாக நிலக்காரர் சொல்லிவிட்டார். அப்பா போன பிறகு அவளுக்கு இருந்தது அந்த நிலம்தான்.

நான் கோயமுத்தூரில் பயிர்நோய்ச் சோதனைச்சாலையில் உதவியாளன். அது பூஞ்சணம், மண்ணில் வாழ்வது, மருந்து கிடையாது என்றேன். பக்கத்து நிலத்து வேம்புலியின் கத்தரிக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டாள். அவர் சாணமும் சருகும் கொட்டி மக்கவைத்த இடம் அது. ஒரு சிட்டிகை மண் எடுத்துப்போய் வளர்த்துப் பார்த்தேன். பச்சைப் பூஞ்சணம் ஒன்று வந்தது. வெள்ளை நூலைச் சுற்றிப் படர்ந்து அதைக் கொன்றது. கண்ணாடித் தட்டில் நடந்தது வயலில் நடக்குமா, தெரியாது. அதையும் அவளிடம் சொன்னேன்.

அவள் கூடையோடு கிளம்பிவிட்டாள்.

"ஒரு கூட மண்ணு குடு வேம்புலி."

"மண்ணக் குடுத்தா லச்சுமியக் குடுத்தா மாரி. இன்னாக்கா, செய்வின கிய்வின வெக்கப் போறியா?"

"உனுக்கு எதுக்கு செய்வின? உம் பொண்டாட்டி ஒருத்தி போதாது?"

அவர் சிரித்துவிட்டார். "எட்த்துகினு போ. ஆனா கிழங்கு வெட்னதும் உன் நெலத்து மண்ணு ஒரு கூட எனுக்கு வந்துடணும்."

அந்த மண்ணை ஈரச் சாணத்தில் கலந்து கோணி போட்டு மூடினோம். மேலே பச்சை பூத்தது. நடும்போது குழிக்கு ஒரு கை போட்டாள்.

மண் அணைத்த மறுநாள் நான் ரயிலேறினேன். தை மாதம் தந்தி வந்தது. அம்மாவுக்கு விஷக்காய்ச்சல். நான் வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

வீட்டில் இருக்க முடியவில்லை. வயலுக்குப் போனேன். நானும் ஒவ்வொரு தூராகத் தோண்டினேன். வெள்ளை சில இடங்களில் இருந்தது. செடிகள் பெரும்பாலும் நின்றன. மாசியில் கிழங்கு வெட்டினோம். நிலக்காரர் மூட்டைகளைப் பார்த்துவிட்டு, அடுத்த வருடமும் உங்களுக்கே என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கூடையில் மண் எடுத்துக்கொண்டு வேம்புலி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினார்.

"சாவு ஊட்டு மண்ணுடா. வருசம் திரும்பட்டும், வாங்கிக்கிறேன்."

"காஞ்சா பச்ச போயிடும் மாமா."

"அப்ப நனச்சி வையி. அக்கா வந்து குட்த்திருந்தா அப்பவே வாங்கியிருப்பேன்."

கூடை கொல்லையில் இருக்கிறது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன். லீவு முடிந்தும் நான் இன்னும் ரயிலேறவில்லை.