வூனியின் இருபத்துமூன்று பின்னல்கள்

ராணி பட்டத்துக்கு வந்த வருடம் ரஃபாராவுக்குப் பதினைந்து வயது. முந்தைய ராஜா செத்ததற்காக நாடே மொட்டையடித்துக்கொண்டது. அவள் தலையும் தப்பவில்லை. முடி திரும்ப வளர்ந்து தோளைத் தொடுவதற்குள் அவளுக்குத் தொழிலும் கைவந்துவிட்டது. அவள் ஊரான அம்பூஹிமேனாவில் ஒரு பெண்ணின் தலைக்கு இருபத்துநான்கு பின்னல். அரைநாள் வேலை. கொழுப்பைத் தடவி, வகிடு பிரித்து, ஒவ்வொன்றாகப் பின்னிச் சுருட்டி முடிச்சுப் போடவேண்டும். சாவு வீட்டுக்காரிதான் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு திரிவாள். மற்றவர்கள் எல்லோரும் ரஃபாராவின் மடிக்கு வந்தாக வேண்டும். வந்து தலையைக் கொடுத்துவிட்டு வாயைத் திறந்தால் ஊர்வம்பு அத்தனையும் அங்கேதான் கொட்டும்.

அவள் ஒன்றும் சாது இல்லை. வாய் நீளம். அந்த வாய்க்கு ஒரு காரணம் இருந்தது. பதினேழு வயதில், ஊரில் யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று புரளி கிளம்பி, வரிசையாக எல்லோருக்கும் தங்கேனாக் கொட்டையைக் கொடுத்தார்கள். கோழித்தோல் மூன்று துண்டை மெல்லாமல் விழுங்க வேண்டும். பிறகு அந்த விஷக்கொட்டையைச் சுரண்டி வாழைச்சாற்றில் கலந்து தருவார்கள். வாந்தியில் மூன்று தோலும் வெளியே வந்தால் நிரபராதி. ஒன்று குறைந்தாலும் சூனியக்காரி. உலக்கையோடு ஆட்கள் தயாராக நிற்பார்கள். ரஃபாராவுக்கு மூன்றும் வந்தன. வெள்ளைத் துணி போர்த்தி, தோளில் தூக்கி, பாட்டுப் பாடி அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தங்கேனாவுக்குக் கண் உண்டு, அது உள்ளே போய் நெஞ்சைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்லும் என்று அன்றிலிருந்து அவள் நம்பினாள். அவள் மட்டுமா நம்பினாள்? ஊரே நம்பியது. செத்தவர்களின் அம்மாக்கள்கூட நம்பினார்கள்.

கல்யாணமாகி ஒரு பெண் பிறந்தாள். வூனி என்று பெயர். ஊர் வழக்கப்படி அன்றோடு பெற்றவர்களின் பழைய பெயர் போயிற்று. புருஷன் ராய்னிவூனி, அதாவது வூனியின் அப்பா. இவள் ரெனிவூனி, வூனியின் அம்மா. வேறு பிள்ளை தங்கவில்லை. தெருவில் யாராவது "ரெனிவூனி!" என்று கூப்பிட்டால் இரண்டாம் முறை கூப்பிடட்டும் என்று வேண்டுமென்றே திரும்பாமல் நடப்பாள். அவ்வளவு பெருமை.

ராணி பட்டத்துக்கு வந்த பத்தொன்பதாம் வருடம், ஓரகத்தி ரபெட்சியின் கைக்குழந்தை காய்ச்சலில் செத்தது. முந்தின நாள் அதைத் தூக்கிவைத்துக் கரும்பு சப்பக் கொடுத்தவள் வூனி. ரபெட்சி வயிறெரிந்து கிணற்றடியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். மறுநாள் அந்த வார்த்தை யாரோ ஒருத்தியின் தலையோடு ரெனிவூனியின் மடிக்கே வந்து சேர்ந்தது. பாதிப் பின்னலில் அவளை எழுப்பித் துரத்திவிட்டு, ரெனிவூனி நேரே ஊர்த்தலைவர் ராலாய் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"என் மக மேல பழி போட்டிருக்கா. சோதனை வைங்க ஐயா!"

ராலாய் கெட்ட மனுஷர் இல்லை. பதறிப்போனார். "யாரும் புகார் குடுக்கலியேம்மா. பிள்ளைய பறிகுடுத்தவ, ஏதோ புலம்பிட்டா. நாலு நாள் போனா அடங்கிடும். நீ ஏன் ஊதிப் பெருசாக்கற?"

"அடங்கவா? நாளைக்கு எவன் என் மகளைக் கட்டுவான்? சூனியக்காரின்னு முதுகுக்குப் பின்னால பேசுவானுங்க. நான் குடிச்சு வந்தவ ஐயா. என் ரத்தம் அவ. வைங்க!"

வாசலில் நின்று இப்படி ஊர் கேட்கக் கேட்ட பிறகு தலைவர் மறுக்க முடியாது. மறுத்தால், சூனியத்தை மூடி மறைத்தான் என்று ராணியின் ஆட்கள் அவருக்கே கொட்டையைச் சுரண்டுவார்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நாள் குறித்தார்.

வீட்டில் புருஷன் கெஞ்சினார். "என் தங்கச்சி ஊருக்கு அனுப்பிடலாம். அறுப்பு முடியட்டும். ராலாய் கால்ல நான் விழுறேன்."

"ஓடினா தப்பு செஞ்சவன்னு ஆயிடும்ல? உங்களுக்கு உங்க மக மேலயே நம்பிக்கை இல்லையா?"

அவர் வெளியே போய் மாட்டுக்கொட்டிலில் உட்கார்ந்துகொண்டார்.

குறித்த நாளன்று காலை ரெனிவூனி மகளுக்குத் தலை பின்னினாள். தோளில் ஏறி ஊர்வலம் வரப்போகிறவள் அலங்கோலமாகவா வருவாள்? புதுக் கொழுப்பு எடுத்தாள். வூனியின் பிடரி சில்லிட்டிருந்தது.

"அம்மா, பயமா இருக்கும்மா."

"என்னடி பயம்? முழுங்கு, கஞ்சித்தண்ணிய நிறையக் குடி, குமட்டினா அடக்காத. ஒரு நாழி கஷ்டம். நான் உன் வயசுல செய்யல?"

"மூணும் வரலைன்னா?"

"ஏன் வராது? நீ என்ன செஞ்ச? ஒண்ணும் செய்யலல்ல? அப்பறம் என்ன. தலைய ஆட்டாத."

இருபத்துமூன்றாவதை முடிச்சுப் போடும்போது வாசலில் ஆள் வந்துவிட்டது. பிடரியில், இடது காதுக்குப் பின்னால் ஒரு கொத்து மட்டும் பின்னாமல் கிடந்தது. வூனி அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணு பாக்கிம்மா. அவிழ்ந்த தலையோட போகலாமா?"

"சாயங்காலம் வந்து பின்னிக்கலாம். அது எங்க ஓடிடப் போகுது? எந்திரி, போலாம்."

இரண்டு தோல் வந்தது. மூன்றாவது வரவில்லை. கஞ்சித்தண்ணீரை மேலும் மேலும் கொடுத்தார்கள். வூனி மண்ணில் கைகளை ஊன்றிக் குமட்டிக் குமட்டி அம்மா இருந்த பக்கம் பார்த்தாள். ரெனிவூனி இங்கிருந்தே தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு "எடுடி, எடுடி" என்று கத்தினாள். வெறும் நுரைதான் வந்தது. பிறகு உலக்கைக்காரர்கள் எழுந்தார்கள். அதற்குமேல் நான் சொல்லப்போவதில்லை.

குற்றவாளிக்குச் சாவுச் சடங்கு கிடையாது. ஊருக்குத் தெற்கே புதிதாக ஒரு குழி வெட்டினார்கள். தலையைத் தெற்காக வைத்து மூடுவார்கள். முன்னோர் கிடக்கும் கல்லறையில் இடமில்லை. அழக்கூடாது, அழுதவளும் சூனியக்காரியின் கூட்டாளிதான். பெற்றவள் தலையை அவிழ்க்கக்கூடாது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், கச்சிதமாக இருபத்துநான்கு பின்னலோடு ரெனிவூனி மறுநாள் வயலுக்குப் போனாள். சூனியக்காரியின் பெயரை வாயில் எடுக்க ஊர் பயந்தது. அதனால் பெற்றவளின் பெயரையும் எடுத்துவிட்டார்கள். "ரஃபாரா" என்றார்கள் மறுபடியும், பிள்ளையே பெறாதவளைக் கூப்பிடுவது மாதிரி.

புருஷன் அவளை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. ஒரே ஒரு முறை, சோறு போட்டுக்கொண்டிருந்தவளிடம் சொன்னார்.

"நீ கேட்ட. குடுத்தாங்க."

இரண்டு வருடம் கழித்து ராணியின் மாளிகைக்குக் காட்டு மரம் இழுக்க ஊருக்குப் பத்துப் பேர் கேட்டார்கள். அவரும் போனார். பிணமாகத்தான் வந்தார். அவருக்குக் கல்லறையில் இடம் கிடைத்தது. அவருக்கு இடப்பக்கம், பிள்ளைகளுக்கு உள்ள கல்மேடை காலியாகக் கிடந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வேறு ஆசை இல்லை. வூனியை எடுத்துவந்து அங்கே படுக்கவைக்க வேண்டும். ராணி உயிரோடு இருக்கும்வரை அது நடக்காது.

கொடுமையைப் பாருங்கள். வருடா வருடம் ராணியின் நீராட்டுத் திருநாளில், ஆறிப்போன மாட்டிறைச்சியைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே சேர்ந்து சொல்ல வேண்டும்: ராணி ஆயிரம் வருடம் வாழட்டும், நோய் நொடி அண்டாமல் வாழட்டும். சத்தம் குறைந்தால் ராலாயின் ஆள் திரும்பிப் பார்ப்பான். ரஃபாரா உரக்கத்தான் சொன்னாள். பதினான்கு திருநாள். தன் வாயாலேயே அந்தக் கிழவிக்கு ஆயுள் கொடுத்துக்கொண்டிருந்தாள். கிழவியும் வஞ்சனையில்லாமல் வாழ்ந்தாள். அதற்குள் தெற்குக் குழிக்கு இன்னும் நான்கு பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்கும் முதல்நாள் தலை பின்னியது ரஃபாராதான். ஒருத்தியிடமும் "பயப்படாதே" என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.

முப்பத்துமூன்றாம் வருடம் பறை அறைந்தார்கள். ராணி போய்விட்டாள். எல்லோரும் மொட்டையடிக்க வேண்டும், பாயில் படுக்கக்கூடாது, கூடி அழ வேண்டும் என்று உத்தரவு. ஊர்ப் பெண்கள் வரிசையாக ரஃபாராவின் முன்னால் உட்கார்ந்தார்கள். தான் பின்னியதையெல்லாம் அவளே அவிழ்த்து, அவளே மழித்தாள். கடைசியில் ரபெட்சியின் முறை. அது முடிந்ததும் கத்தியை வாங்கி ரபெட்சி ரஃபாராவுக்கு மழித்தாள். இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டது.

கடைசிக் கொத்து மடியில் விழுந்ததும் ரஃபாரா அழ ஆரம்பித்தாள். அடேயப்பா, அது என்ன அழுகை! தரையில் விழுந்தாள், மண்ணை வாரித் தலையில் போட்டாள், "என் கண்ணே, நான்தானே அனுப்பினேன், நான்தானே" என்று மாரில் அறைந்துகொண்டாள். மூன்று நாள் ஓயவில்லை. கிழடு தட்டிப்போன ராலாய் பக்கத்தில் வந்து குனிந்தார். சுற்றிலும் தலைநகரத்து ஆட்கள்.

"ராணி மேல இவ்வளவு பாசமாம்மா உனக்கு?"

ரஃபாரா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவருக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"ஆமாங்க ஐயா. ராணிக்குத்தான்."

"அழு," என்றார் ராலாய் மெதுவாக. "நல்லா அழு. இப்ப யாரும் கேக்க மாட்டாங்க."

புது ராஜா தங்கேனாவை நிறுத்தினான். அதனால் செத்தவர்களை அவரவர் கல்லறைக்கு எடுத்துப்போகலாம் என்றான். ஒரு காலை வேளையில் ஐந்து குடும்பமும் பட்டுத்துணியோடு தெற்கே போய் மண்ணைத் தோண்டின. ஒரே குழி. ஐந்து மண்டையோடு, கலந்து கிடந்த எலும்பு, செம்மண் ஏறிய முடி. எது யார் என்று யாருக்கும் தெரியவில்லை. அழுகை நின்று வாக்குவாதம் ஆரம்பித்தது.

"தள்ளுங்க," என்றாள் ரஃபாரா. "எல்லாம் என் கைவேலைதான். நான் பாக்கறேன்."

ஒவ்வொன்றாக மடியில் வைத்து எண்ணினாள். முதல் தலையில் இருபத்துநான்கு. இரண்டாவதிலும் இருபத்துநான்கு. மூன்றாவதை எண்ணும்போது கை நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். இருபத்துமூன்று. இடது காது இருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு கொத்து, பின்னாமல், மண்ணோடு ஒட்டிக் கிடந்தது.

ரபெட்சி பட்டுத்துணியை விரித்துக்கொண்டு வந்தாள். ரஃபாராவின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை. பதினான்கு வருடம் கழித்து அந்தப் பெயரை முதலில் சொன்னது அவள்தான்.

"ரெனிவூனி... சுத்திடலாமா?"

"இரு. கொஞ்சம் கொழுப்பு குடு."

மொட்டைத் தலையில் வெயில் காய, ரெனிவூனி அந்தக் கொத்தை கொழுப்பு தொட்ட விரலால் தடவி, மண்ணை உதிர்த்து, உடைந்துவிடாமல் மூன்றாகப் பிரித்தாள். நிதானமாகப் பின்னினாள். சுருட்டி முடிச்சுப் போட்டாள்.

"ஆச்சு," என்றாள். "எந்திரிடி, வீட்டுக்குப் போலாம்."